சேந்தமங்கலம் வழியே: சேலம் – நாமக்கல் பகுதியில் கிறித்தவ ஆழ்நிலைச் செபமும் அன்றாட வாழ்வில் இறைவனைக் காணலும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ மரபில் ஆழ்நிலைச் செபம் துறவியருக்கே உரியது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அம்மரபின் முதன்மையான நெறியாளர்களோ அன்றாடப் பணியையே அச்செபத்தின் களமாகவும் உரைகல்லாகவும் கொண்டனர். சேலம் – நாமக்கல் பகுதியோடும் அதனைத் தொட்டு ஓடும் காவிரியின் கரையோடும் தொடர்புடைய மூன்று வரலாற்று நிகழ்வுகளைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. 1623இல் சேந்தமங்கலம் வழியே சேலம் வந்த இராபர்ட் தெ நொபிலி, இருபதாம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலும் கொல்லிமலையிலும் பணியாற்றிய ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் இணையர், 1950இல் குளித்தலை அருகே தோன்றிய சாந்திவனம் ஆகியவை அம்மூன்று. அன்றாடத்தில் இறைவனைக் காண்பது என்றால் யாருடைய அன்றாடத்தில் என்ற வினாவும் இங்கு எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆழ்நிலைச் செபம், ஆன்ம சோதனை, இஞ்ஞாசியார், நொபிலி, சேந்தமங்கலம், கொல்லிமலை, சாந்திவனம், அன்றாட வாழ்வு

முன்னுரை

நாமக்கல்லிலிருந்து வடகிழக்கே, கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சேந்தமங்கலம். நாயக்கர் காலத்தில் இது ஒரு பாளையத்தின் தலைமையிடம். இவ்வூரின் சந்நியாசிக் கரட்டில் உள்ள தத்தாத்ரேயர் கோயிலும் அவதூதர் மரபும் இந்து சமயத் துறவு நெறியில் நன்கறியப்பட்டவை. தமிழ்க் கிறித்தவ வரலாற்றிலும் இவ்வூருக்குத் தனியிடம் உண்டு. ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளியில் முற்றிலும் வேறுபட்ட இரு கிறித்தவ மரபினர் இவ்வூரைக் கடந்து சென்றுள்ளனர். ஒருவர் காவியுடுத்த இயேசு சபைத் துறவி. மற்றவர்கள் மருந்துப் பெட்டியோடு மலையேறிய பாப்டிஸ்ட் மரபின் கணவன் மனைவியர்.

இவர்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மறைபரப்பு வரலாறாகவோ சமூகப் பணி வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளன. இவர்களது அகவாழ்வை, குறிப்பாகச் செபத்திற்கும் அன்றாடச் செயலுக்கும் இவர்கள் கண்ட உறவை, மையமாக வைத்து நோக்கும்போது வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஆழ்நிலைச் செபம்: சொல்லும் பொருளும்

தமிழ்க் கத்தோலிக்கர் ‘செபம்’ என்றும் சீர்திருத்தச் சபையினர் ‘ஜெபம்’ என்றும் வழங்கும் சொல் ‘ஜப’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. திருப்பெயரையோ மந்திரத்தையோ மெல்ல உருவேற்றுதல் என்பதே அதன் முதற்பொருள். கிறித்தவ வழக்கில் அது இறைவனோடு பேசுதல், மன்றாடுதல், புகழ்தல், நன்றி கூறுதல் என எல்லாவற்றையும் குறிக்கும் பொதுச்சொல்லாக விரிந்தது. ‘தியானம்’ என்ற சொல்லும் இவ்வாறே பொருள் விரிவு பெற்றது. தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் ‘தியானத்துக்குப் போனேன்’ என்றால் சில நாள் ஒதுங்கியிருந்து மேற்கொள்ளும் ஞான ஒடுக்கத்தையும் அது குறிக்கும்.

மேலைக் கிறித்தவ மரபு செபத்தை மூன்று நிலைகளாகப் பகுப்பது வழக்கம். வாயால் சொல்லும் வாய்ச்செபம் முதல்நிலை. மறைநூற் பகுதியையோ கிறிஸ்துவின் வாழ்வு நிகழ்வையோ மனத்தில் கொண்டு சிந்திக்கும் தியானம் இரண்டாம் நிலை. சொல்லும் சிந்தனையும் அடங்கி, இறைப்பிரசன்னத்தில் அன்போடு அமர்ந்திருக்கும் நிலை மூன்றாவது. இம்மூன்றாம் நிலையே ஆழ்நிலைச் செபம் எனப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ மறைநூல் வாசிப்பை ஏணியின் நான்கு படிகளாக விளக்கினார். படித்தல், அசைபோட்டுச் சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல் என்பன அப்படிகள். இறுதிப்படி மனித முயற்சியால் மட்டும் எட்டப்படுவதன்று, அது அருட்கொடை என்பது இம்மரபின் அடிப்படைக் கொள்கையாகும்.

ஏணி என்ற உருவகம் ஒரு சிக்கலையும் உடன் கொணர்ந்தது. மேற்படியில் நிற்பவர் மடத்துத் துறவி, கீழ்ப்படியில் நிற்பவர் உழவர், நெசவாளர், இல்லத்தரசி என்று சமூக ஏற்றத்தாழ்வும் அதன்மேல் ஏறிக்கொண்டது. லூக்கா நற்செய்தியில் வரும் மார்த்தா, மரியா கதை இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. விருந்தோம்பலில் ஓடியாடிய மார்த்தாவைவிட, இயேசுவின் அடியில் அமர்ந்து கேட்ட மரியா மேலானவர் என்ற விளக்கமே நெடுங்காலம் ஓங்கி நின்றது. ஆயினும் பதினான்காம் நூற்றாண்டின் மெய்ஞ்ஞானி எக்கார்ட், மார்த்தாவே முதிர்ந்தவர் என்று தம் மறையுரை ஒன்றில் விளக்கினார். வேலையின் நடுவிலும் உள்ளம் இறைவனில் நிலைத்திருக்கும் அளவுக்கு அவர் வளர்ந்துவிட்டார் என்பது எக்கார்ட்டின் வாதம். தமிழ் அறநூல் மரபில் திருக்குறள் இல்லறவியலை முதலிலும் துறவறவியலை அதனை அடுத்தும் வைத்திருப்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இல்வாழ்வின் அருமை இரு மரபுகளிலும் சிந்திக்கப்பட்ட பொருளே.

2. அன்றாடத்தை நோக்கிய மூன்று நெறிகள்

அன்றாடப் பணியைச் செபத்தோடு இணைத்த நெறிகளுள் மூன்று இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு. செபநேரங்களுக்கு இடையே உடலுழைப்பை அது கட்டாயமாக்கியது. மடத்தின் கருவிகளையும் பாத்திரங்களையும் பலிபீடத்தின் புனிதக் கலங்களைப் போலப் பேண வேண்டும் என்று பொருட்காப்பாளருக்கு அறிவுறுத்தியது. மண்வெட்டிக்கும் திருக்கிண்ணத்துக்கும் இடையிலான தொலைவை இவ்விதி குறைத்தது.

இரண்டாவது, கார்மேல் சபை நெறி. ஆழ்நிலைச் செபத்தின் நிலைகளை நுட்பமாக வகுத்தெழுதிய அவிலாவின் தெரேசா (1515–1582), சமையலறைப் பாத்திரங்களிடையேயும் இறைவனைக் காணலாம் என்று தம் சபைச் சகோதரிகளுக்கு எடுத்துரைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரக் கார்மேல் மடத்தில் சமையற்காரராகப் பணியாற்றிய சகோதரர் லாரன்ஸ், வேலை நேரத்துக்கும் செப நேரத்துக்கும் தமக்கு வேறுபாடு இல்லை எனக் கண்டார். அவருடைய உரையாடல்களும் மடல்களும் அவர் இறந்தபின் தொகுக்கப்பட்டு நூலாயின. அடுப்படியில் நின்றவரின் அனுபவம் செப இலக்கியமாயிற்று.

மூன்றாவது, இயேசு சபையை நிறுவிய இலயோலா இஞ்ஞாசியாரின் (1491–1556) நெறி. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலுடன் அச்சான அவரது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலின் இறுதித் தியானம் அன்பைப் பெறுவதற்கான காட்சித் தியானமாகும். படைப்புப் பொருள்கள் அனைத்திலும் இறைவன் உறைவதையும், உழைப்பாளி ஒருவரைப் போல அவர் அவற்றில் உழைப்பதையும் காணுமாறு அது பயிற்றுகிறது. ‘எல்லாவற்றிலும் இறைவனைக் காணல்’ என்ற தொடர் இந்நெறியின் சுருக்கம். கல்வி பயிலும் இளந்துறவியர் நீண்ட தியானங்களில் ஈடுபடுவதைவிட நடத்தல், பேசுதல், பார்த்தல், உண்ணுதல் போன்ற செயல்களில் இறைவனைத் தேடுவதே தக்கது என்று இஞ்ஞாசியார் வழிகாட்டினார். அவரது தோழர் நதால் ‘செயலிலேயே ஆழ்நிலைச் செபம் செய்பவர்’ என்ற தொடரால் இந்நிலையைக் குறித்தார்.

இந்நெறியின் அன்றாடக் கருவி ஆன்ம சோதனை. பெற்றவற்றுக்கு நன்றி கூறல், உண்மையைக் காண அருள் வேண்டல், கடந்த பொழுதை நிகழ்வு நிகழ்வாக மீளப் பார்த்தல், தவறியவற்றுக்கு வருந்தல், அடுத்த பொழுதுக்கு உறுதி கொள்ளல் என ஐந்து கூறுகள் உடையது இது. தனியறையோ கல்வியறிவோ இதற்குத் தேவையில்லை. ஒரு நாளின் நிகழ்வுகளே இதற்குரிய நூல். தமிழ் அச்சு வரலாற்றிலும் இதன் முன்வடிவம் ஒன்று உண்டு. ‘தம்பிரான் வணக்கம்’ (1578), ‘கிரிசித்தியானி வணக்கம்’ (1579) ஆகியவற்றை அடுத்து 1580இல் அண்டிரிக் அடிகளார் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூலை அச்சிட்டார். தம் நடத்தையைத் தாமே ஆராய்ந்து பார்க்கத் தமிழ்க் கிறித்தவருக்கு உதவிய முதல் அச்சு நூல்களுள் அது ஒன்று.

3. தத்துவ போதகரின் பயணம்

உரோமையில் 1577இல் பிறந்து 1606இல் மதுரை வந்தடைந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்னும் பெயருடன் சந்நியாசியாக வாழ்ந்தார். காவியுடையும் மரக்கறி உணவும் எளிய குடிலும் அவர் தேர்ந்துகொண்ட வாழ்முறை. அம்முறை கிறித்தவத்துக்கு ஏற்றதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. 1623 ஜனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி வெளியிட்ட ஆணை அவர் நிலைப்பாட்டைப் பெரிதும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மதுரையிலிருந்து புறப்பட்ட நொபிலி, திருச்சிராப்பள்ளியைக் கடந்து சேந்தமங்கலம் வந்தார். அவ்வூர்த் தலைவர் இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து சேலம் சென்றபோது தங்குமிடம் கிடைப்பதே தொடக்கத்தில் அரிதாயிற்று. பின்னர்ச் சேலத்தை அடுத்த மோரமங்கலத்தில் திருமங்கல நாயக்கர் திருமுழுக்குப் பெற்றார். சேலம் – நாமக்கல் பகுதியின் கத்தோலிக்க வரலாறு இப்பயணத்திலிருந்தே பேசப்படுகிறது.

நொபிலியின் இப்பயணத்தை இஞ்ஞாசிய நெறியின் ஒளியில் காணும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, வழியே மடமானது. இயேசு சபையார் ஏனைய துறவியர்போல நிலையான மடத்தில் கூடிப் பாடும் செபக்கடனை ஏற்றவர்கள் அல்லர். அவர்கள் நாடோடிப் பணிக்கென உருவாக்கப்பட்டவர்கள். எனவே மதுரைக்கும் சேலத்துக்கும் இடையிலான நடையும், இடமின்றி நின்ற பொழுதும், வரவேற்பும் புறக்கணிப்பும் அவருக்குச் செபத்தின் இடையூறுகள் ஆகா. நெறிப்படி அவையே செபத்தின் பொருள். இரண்டாவது, மொழியே களமானது. கோயில், குரு, பூசை, பிரசாதம் போன்ற தமிழ்ச் சமய வழக்குச் சொற்களைக் கிறித்தவப் பொருளில் ஆளும் முறையை வலுப்படுத்தியவர் நொபிலி. எல்லாவற்றிலும் இறைவனைக் காணலாம் என்ற பயிற்சி பெற்றவர், பிறர் மொழியிலும் பிறர் வழக்கிலும் இறைவனுக்குரிய சொற்கள் முன்னரே காத்திருப்பதாக எண்ணியது இயல்பே.

இப்பயிற்சி ஐரோப்பியக் குருக்களோடு நின்றுவிடவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். ஊர் ஊராகச் சென்று மறைக்கல்வி புகட்டிய தமிழ் வேதியர்களை நெறிப்படுத்த எழுந்த நூல் அது. இஞ்ஞாசியாரின் தியான முறையின் சாயலை அதில் காணலாம். இல்லறத்தவர்களான வேதியர்கள் அகநோக்குப் பயிற்சிக்கு உரியவர்கள் என ஏற்கப்பட்டமை, ஆழ்நிலை வாழ்வு மடத்துக்கு வெளியே வந்ததற்கு ஒரு தமிழ்ச் சான்றாகும்.

4. சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்கு

இலண்டன் மிஷனரி சங்கம் 1827இல் ஹென்றி கிரிஸ்ப் வழியாகச் சேலத்தில் பணி தொடங்கியது. பின்னர் நாமக்கல், சேந்தமங்கலம் பகுதியில் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் பணியாற்றியது. அம்மிஷனின் சார்பில் 1907இல் இந்தியா வந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். 1913இல் சேந்தமங்கலத்தில் அவருக்கும் எவலின் ஹாரிஸ் அம்மையாருக்கும் திருமணம் நடந்தது. மணமக்கள் அன்றே மழையில் நனைந்தபடி கொல்லிமலை ஏறினர் என்பது அவர்கள் வரலாற்றில் பலமுறை நினைவுகூரப்படும் செய்தி. அவர்களின் மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தார். பிற்காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்றவர் இவரே.

பாப்டிஸ்ட் மரபு மடத்துறவையும் வகுத்துரைத்த தியானப் படிகளையும் ஏற்பதன்று. ‘ஆழ்நிலைச் செபம்’ என்ற சொல்லையே அவர்கள் ஆண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அச்சொல் குறிக்கும் அகநிலை அவர்கள் வாழ்வில் வெளிப்படுகிறது. மலைவழியே நடக்கும்போது பூச்சிகளின் கூட்டையும் பறவைகளின் கூட்டையும் நின்று காட்டிப் படைத்தவரின் கைவண்ணத்தைப் பிள்ளைகளுக்கு உணர்த்தியவர் ஜெஸ்ஸி. கல்விக்காக இங்கிலாந்து சென்றிருந்த மகனுக்கு அவர் எழுதிய மடல்களிலும் இந்த வியப்பே நிறைந்திருந்தது. 1929இல் கருநீர்க் காய்ச்சலால் தமது 44ஆம் வயதில் ஜெஸ்ஸி இறந்தார். அச்செய்தி தந்தியில் சேர்ந்த பிறகே அவர் முன்னர் அஞ்சலில் அனுப்பிய மடல் மகன் கைக்குக் கிடைத்தது. உலகின் அழகில் இறைவனைக் கண்டு மகிழுமாறு கூறும் மடல் அது. இறந்தவர் மகனுக்கு விட்டுச் சென்ற செபப்பயிற்சி எனவே அதனைக் கொள்ளலாம்.

பால் பிராண்ட் பிற்காலத்தில் ‘ஒரு கைப்பிடி சேறு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் சிறுவர்கள் விளையாடிச் சேற்றைக் கலக்கியபோது, முதியவர் ஒருவர் அந்தச் சேற்றை அள்ளிக் காட்டி மண்ணின் அருமையை அவர்களுக்கு உணர்த்திய நிகழ்ச்சியே அதன் கரு. மேல்வயலின் மண் நீரோடு வழிந்துவிட்டால் மீண்டும் மேலேறாது என்ற உழவறிவு அங்கு ஆன்மிகப் பாடமாகிறது. அப்பாடத்தைக் கற்பித்தவர் மறைப்பணியாளர் அல்லர், மலைவாழ் உழவர் என்பது கவனிக்கத்தக்கது. இறைவனைக் கொண்டுவந்ததாக எண்ணியவர்களின் மகன், தாம் பிறந்த மண்ணின் முதியவரிடம் படைப்பின் மதிப்பைக் கற்றுக்கொண்டார்.

எவலின் அம்மையாரின் வாழ்வு இக்கருத்தை மேலும் தெளிவாக்குகிறது. அவர் ஓவியத்தில் நாட்டமும் பயிற்சியும் உடையவர். கணவர் இறந்தபின்னும் பணியைத் தொடர்ந்தார். மிஷன் அவருக்கு ஓய்வளித்தபோது, தம் முயற்சியிலேயே மீண்டும் கொல்லிமலை ஏறிக் குடிலமைத்துத் தங்கினார். கல்ராயன் முதலிய பிற மலைகளுக்கும் சென்றார். எலும்பு முறிவுகளால் நடை தளர்ந்த பின்னர் இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகச் சென்றார். புண்களுக்கு மருந்திட்டார். நரம்புச் சிலந்தி நோய் பரவாதிருக்கக் கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்புமாறு மக்களைத் தூண்டினார். இறுதி இருபது ஆண்டுகளாகத் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் தமது 95ஆம் வயதில் மறைந்து, கொல்லிமலையில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

கண்ணாடியை அகற்றிய செய்தியை ஒரு முதுமைக்கால விந்தையாகக் கடந்துவிடலாம். ஆழ்நிலைச் செப மரபோ ‘தன்னை மறத்தல்’ என்பதையே முதிர்ச்சியின் அடையாளமாகக் கூறுகிறது. மடங்களில் பலகாலப் பயிற்சியால் தேடப்படும் அந்நிலை, மருந்துப் பெட்டியோடு மலைப்பாதையில் சென்ற ஒரு முதிய பெண்ணிடம் பயிற்சியின் பெயரின்றியே வந்து சேர்ந்தது. ஓவியர் என்ற முறையில் முகங்களை உற்றுநோக்கப் பழகிய கண்கள், தம் முகத்தைவிட்டுப் பிறர் முகங்களில் நிலைத்தன எனலாம்.

5. காவிரியின் மறுகரை

மேட்டூரிலிருந்து இறங்கும் காவிரி பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் ஆகிய நாமக்கல் மாவட்ட ஊர்களைத் தொட்டுக் கிழக்கே ஓடிக் குளித்தலையை அடைகிறது. அங்குத் தண்ணீர்ப்பள்ளியில், ஆற்றின் தென்கரையில், 1950 மார்ச் 21ஆம் நாள் சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பட்டது. சாந்திவனம் என்பது அதன் வழக்குப் பெயர். பிரெஞ்சுக் குருவான ஜூல் மோன்ஷனேன் (1895–1957), பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ (1910–1973) ஆகிய இருவரும் இதன் நிறுவனர்கள். பரம அருபி ஆனந்தம், அபிஷிக்தானந்தர் என்பன அவர்கள் ஏற்ற பெயர்கள். 1949இல் இருவரும் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்டனர். அச்சந்திப்பு அபிஷிக்தானந்தரின் வாழ்வை ஆழமாகத் திருப்பியது. மௌனமே இறைவனைப் பற்றிய இறுதிச் சொல் என்ற உணர்வு அவர் எழுத்துகளில் நெடுகக் காணப்படுகிறது.

மோன்ஷனேன் குளித்தலைப் பகுதியில் பங்குக் குருவாக எளிய மக்களிடையே பணியாற்றிய பின்னரே ஆசிரமம் அமைத்தார் என்பது பலரால் கவனிக்கப்படாத செய்தி. அவர் இறந்தபோது ஆசிரமத்தில் உறுப்பினர் பெருகியிருக்கவில்லை. வெளிப்பார்வைக்கு அம்முயற்சி தோல்வியாகவே தெரிந்தது. 1968இல் பீட் கிரிபித்ஸ் (1906–1993) பொறுப்பேற்ற பிறகே அது உலகறிந்த தியான மையமாயிற்று. விவிலியத்தோடு உபநிடதங்களும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் அங்கு வழிபாட்டில் இடம்பெற்றன.

பயன் கருதாது காத்திருத்தல் ஆழ்நிலைச் செபத்தின் உயிர்க்கூறு. எண்ணிக்கையால் அளக்கும் பணிவரலாறு இதனைக் காணத் தவறுகிறது. சேலத்தில் இடமின்றி நின்ற நொபிலியும், நோயில் இடைவயதில் மறைந்த ஜெஸ்ஸியும், நிறைவேறாத கனவோடு இறந்த மோன்ஷனேனும் இவ்வகையில் ஒரே வரிசையில் வருகின்றனர்.

6. யாருடைய அன்றாடம்?

இதுவரை கூறியவற்றை ஏற்கும் வாசகர் ஒரு வினாவை எழுப்பலாம். எல்லாவற்றிலும் இறைவனைக் காணலாம் என்றால், சாதியக் கொடுமையிலும் வறுமையிலும் அவரைக் காண்பதா? அவ்வாறு காண்பது அக்கொடுமையை ஏற்கச் செய்யாதா?

இவ்வினாவுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. நொபிலியின் சந்நியாசி வாழ்முறை உயர்சாதியினரை அணுக உதவியது. அதே வாழ்முறை ஒடுக்கப்பட்டோரிடமிருந்து அவரை விலக்கியும் வைத்தது. 1640 முதல் பல்தசார் தா கோஸ்தா தொடங்கிய பண்டாரசாமி முறை அவ்விடைவெளியை நிரப்ப எழுந்தது. எனினும் இருவகைக் குருக்கள் என்ற ஏற்பாடே சாதிப் பிரிவினையை ஒப்புக்கொண்டதாகும். அதன் எச்சங்கள் தனித்தனி இருக்கை, தனித்தனிக் கல்லறை எனத் தமிழகத் திருச்சபையில் நெடுநாள் நீடித்தன. 1980களில் உருப்பெற்ற தலித் இறையியல், ஆசிரம இயக்கத்தையும் இக்கோணத்தில் வினவியது. வேதாந்தத்தோடும் வடமொழி மரபோடும் உரையாடிய ஆசிரமங்கள், அம்மரபினால் ஒதுக்கப்பட்ட மக்களின் வழிபாட்டையும் வலியையும் கேட்டனவா என்பது அதன் கேள்வி. தமிழ்க் கிறித்தவரில் பெரும் பகுதியினர் தலித் மக்கள் என்பதால் இது ஓரத்துக் கேள்வி ஆகாது.

ஆழ்நிலைச் செப மரபுக்குள்ளேயே இதற்கு விடை தேடலாம். இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையில் நாளை மீளப் பார்ப்பவர், எங்கே அன்பு நிகழ்ந்தது என்பதோடு எங்கே அது மறுக்கப்பட்டது என்பதையும் காண வேண்டும். இறைவன் அநீதியில் உறைகிறார் என்பது அதன் கூற்றன்று. அநீதிக்குள்ளாகும் மனிதரில் உறைகிறார் என்பதே அதன் கூற்று. பசித்தவருக்கும் நோயுற்றவருக்கும் சிறையிலிருப்பவருக்கும் செய்தது தமக்கே செய்தது என்ற கிறிஸ்துவின் போதனை இந்நோக்குக்கு அடிப்படை. ஆகவே அன்றாடத்தில் இறைவனைக் காண்பவர் காண்பதோடு நிற்க இயலாது. எவலின் அம்மையார் கிணற்றைக் கண்டபோது நோயின் வழியையும் கண்டார், சுவர் எழுப்பத் தூண்டினார். உற்றுநோக்கலும் செயலும் அங்கு ஒன்றாயின. நொபிலியும் சாந்திவனமும் விட்ட இடைவெளியை அவ்வகைப் பார்வையே நிரப்ப வல்லது.

7. இன்றைய வாழ்வில்

சேலம் மறைமாவட்டம் 1930 மே 26இல் நிறுவப்பட்டது. 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமான பின்னர், சேலம், நாமக்கல் மாவட்டங்கள் அதன் பணிக்களமாக உள்ளன. இப்பகுதியின் அன்றாடம் பதினேழாம் நூற்றாண்டின் அன்றாடமன்று. ஜவ்வரிசி ஆலையும் விசைத்தறியும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் இன்று மக்களின் நாளை ஆளுகின்றன. மாதக்கணக்கில் வெளிமாநிலச் சாலைகளில் இருக்கும் ஓட்டுநருக்கும், தறியின் இரைச்சலில் பகலெல்லாம் நிற்கும் தொழிலாளிக்கும் தனிமையும் மௌனமும் எட்டாப் பொருள்கள்.

இச்சூழலுக்குப் பொருந்தும் வடிவங்கள் மரபிலேயே உள்ளன. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் ஆலய மணியோசை கேட்டுச் சொல்லும் திரிகால செபம் அவற்றுள் ஒன்று. வேலையை நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் உள்ளத்தை மட்டும் திருப்பும் ஏற்பாடு அது. செபமாலையின் மணிகளை உருட்டும் விரல்கள் வாய்ச்செபத்திலிருந்து மௌனத்துக்குச் செல்லும் பாலமாக அமையக்கூடும். ஒரே சொல்லை உள்ளத்தில் ஒலிக்கவிடும் முறையை இருபதாம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபைத் துறவி ஜான் மெயின் (1926–1982) உலகெங்கும் பரப்பினார். அவர் அதனை முதலில் கற்றது 1950களில் கோலாலம்பூரில், சுவாமி சத்தியானந்தர் என்னும் இந்து சமயத் துறவியிடம். செபம் என்ற சொல்லின் முதற்பொருளாகிய உருவேற்றுதல், இவ்வாறு சுற்றிவந்து கிறித்தவச் செபத்துக்கு மீண்டும் ஊட்டமளித்தது. இம்முறையும் ஆன்ம சோதனையும் ஆலைத் தொழிலாளிக்கும் ஓட்டுநருக்கும் இயன்றவை. தறி நின்றபின் கிடைக்கும் கால்மணி நேரமும், சுங்கச்சாவடி வரிசையில் கழியும் பொழுதும் இதற்குப் போதும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. உழைப்பைச் செபமாக்கலாம் என்ற போதனை, ஓய்வும் உரிய கூலியும் மறுக்கப்படுவதற்குச் சமாதானமாகிவிடக் கூடாது. ஓய்வுநாளைக் கட்டளையாகவே வைத்த சமயம் கிறித்தவம். உழைப்பவருக்கு அமைதியான ஒரு பொழுதைப் பெற்றுத் தருவதும் ஆழ்நிலைச் செபத்தின் கடமைகளுள் அடங்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். கிறித்தவ ஆழ்நிலைச் செபம் மடத்தில் வளர்ந்ததாயினும் பெனடிக்ட், கார்மேல், இஞ்ஞாசிய நெறிகள் மூன்றுமே அதனை அன்றாடப் பணியோடு பிணைத்துள்ளன. நொபிலியின் பயணத்தில் வழியும் மொழியும், பிராண்ட் குடும்பத்தில் மண்ணும் நோயாளியின் உடலும், சாந்திவனத்தில் பயன் கருதாத காத்திருப்பும் அச்செபத்தின் களங்களாயின. ஆழ்நிலைச் செபம் என்ற பெயரை ஏற்காத மரபிலும் அதன் கனி விளைந்துள்ளதால், செப முறைகளைவிட அவை உருவாக்கும் பார்வையே முதன்மையானது எனத் தெளியலாம். அப்பார்வையின் உண்மையை அறிய, அது யாரைக் காணாமல் விட்டது என்று கேட்பதே உரிய வழி. இக்கேள்விக்கு இடங்கொடுக்கும் செபமே சேலம் – நாமக்கல் பகுதியின் தறியிலும் சாலையிலும் வயலிலும் வேரூன்ற இயலும்.